அடகுச் சீட்டு முதல் நாட்டு ஓடு வரை: வீட்டுக் கணக்கு கேள்வி பதில்

இந்த இதழுக்குத் தேர்ந்தெடுத்த கடிதங்கள் எல்லாம் செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவை. எழுதியவர்களில் ஒருவர்கூட ஊதாரி இல்லை. கறிவேப்பிலை வாங்கியதையும் நோட்டில் எழுதி வைக்கிற குடும்பங்கள். பெரிய பணம் போயிருப்பதெல்லாம் நோட்டில் ஏறாத இடங்களில்: வட்டியில், கூரையில், நகை மாற்றியதில்.

கேள்வி: ஐந்து சவரன் நகையை வைத்து நான்கு வருடம் முன்பு ஒரு லட்சம் வாங்கினோம். இரண்டு வட்டி. மாதம் 2,000 ரூபாய் தவறாமல் கட்டுகிறோம். வேறு கடன் இல்லை, வெளியில் சாப்பிடுவதுகூட இல்லை. ஆனாலும் நகையை மீட்கப் பணம் சேரவே மாட்டேன் என்கிறது. எங்கே தவறு?
காரைக்குடி வாசகி

பதில்: தவறாமல் கட்டியதால்தான் தவறு கண்ணில் படவில்லை. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். நான்கு வருடத்தில் 96,000 ரூபாய் கொடுத்துவிட்டீர்கள். அசல் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

இதே கடன் வங்கியிலோ தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ ஆண்டுக்கு 9.5 சதவீதத்தில் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே வருட வட்டி 9,500 ரூபாய்தான். நீங்கள் இப்போது கட்டும் அதே 2,000 ரூபாயை மாதாமாதம் அங்கே கட்டினால் முதலில் வட்டிக்குப் போக மீதி அசலில் கழியும். 64 மாதத்தில் கடன் முழுவதும் அடைந்து நகை வீட்டுக்கு வந்துவிடும். கையிலிருந்து கூடுதலாக ஒரு பைசா போடாமலே.

மாற்றும் வழி இதுதான். முதலில் அடகுச் சீட்டை எடுத்துப் பாருங்கள். நகைகள் ஒரே சீட்டில் இருக்கின்றனவா, இரண்டு மூன்று சீட்டாகப் பிரிந்திருக்கின்றனவா? பிரிந்திருந்தால் வேலை எளிது. சிறிய சீட்டை மட்டும் கைப்பணத்தில் மீட்டு, அதை வங்கியில் வையுங்கள். வரும் பணத்தில் அடுத்த சீட்டு. ஒரே சீட்டாக இருந்தால் ஒரு நாளைக்கு மட்டும் உறவில் கைமாற்று வாங்கவேண்டி வரும். அதற்கு முன்னால் வங்கிக்குப் போய் அன்றைய கிராம் மதிப்பு, மதிப்பீட்டாளர் கட்டணம், என்னென்ன ஆவணம் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கல், அரக்கு, முத்து எடையைக் கழித்துத்தான் அங்கே கணக்கிடுவார்கள். கடையில் எழுதிய எடையை நம்பிக் கைமாற்று வாங்கிவிட்டு, வங்கியில் பத்தாயிரம் குறைந்தால் அந்த ஒரு நாள் ஒரு மாதமாகிவிடும்.

வங்கியிலும் ஒரு பள்ளம் உண்டு. பெரும்பாலான நகைக்கடன் ஒரு வருடக் கெடு. கெடு வந்ததும், "தங்கம் விலை ஏறியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்பார்கள். வட்டியை அந்தக் கூடுதல் தொகையிலேயே கழித்துக்கொண்டு புதுக் கடன் எழுதுவது மிகச் சுலபம். அப்போது வட்டிக்கு வட்டி ஓடத் தொடங்குகிறது. புதுப்பிக்கும்போது கடன் தொகை போன வருடத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கவேண்டும் என்று உறுதியாகச் சொல்லுங்கள். இன்னொன்று: நகையை ஊரில் வைத்துவிட்டுச் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பவர்கள் கைபேசி எண்ணையும் முகவரியையும் வங்கியில் மாற்றாமல் விட்டுவிடுகிறார்கள். ஏல அறிவிப்பு பூட்டிய வீட்டு வாசலில் கிடக்கும்.

கேள்வி: வண்டி வாங்க 60,000 ரூபாய் கடன். "ஒரு வட்டிதான்" என்றார்கள். மலிவுதானே?
புதுவயல் வாசகர்

பதில்: இல்லை. 60,000க்கு மாதம் 600 ரூபாய் வீதம் 24 மாதத்துக்கு 14,400 ரூபாய் வட்டியை முதலிலேயே சேர்த்து, 74,400ஐ 24ஆல் வகுத்து மாதம் 3,100 என்று போட்டிருப்பார்கள். கடைசி மாதம் உங்கள் கையில் மூவாயிரம் ரூபாய்க் கடன்தான் இருக்கும். அப்போதும் வட்டி 60,000க்கே. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் இது மாதம் 1 ரூபாய் 80 காசு வட்டி, ஆண்டுக்கு 21.6 சதவீதம். "நிலையான வட்டியா, குறையும் நிலுவைக்கு வட்டியா?" என்று கேளுங்கள். அதோடு ஆவணக் கட்டணம், கட்டாயக் காப்பீடு எல்லாம் பிடித்தது போகக் கையில் வரும் தொகை எவ்வளவு என்பதையும் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: அப்பச்சி காலத்து வீடு. மழைக்கு மூன்று இடத்தில் ஒழுகுகிறது, உள்சுவர் பொரிந்து உதிர்கிறது. முழுக் கூரையையும் பிரித்து வேய வசதி இல்லை. சிமென்ட் பூசிவிட்டால் பத்து வருடம் தாங்கும் என்கிறார் கொத்தனார். குறைந்த செலவில் அதைச் செய்துவிடலாமா?
தேவகோட்டை வாசகர்

பதில்: செய்யவேண்டாம். எங்களுக்கு வரும் கடிதங்களில் அதிகப் பணத்தைத் தின்ற சிக்கனம் இதுதான். அதனால் விரிவாகச் சொல்கிறோம்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். சுவரின் உச்சியிலிருந்து கறை கீழே இறங்கினால் கூரை. தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை பொரிந்திருந்தால் மண்ணிலிருந்து ஏறும் ஈரம். நடுச்சுவரில் திட்டாக இருந்தால் குழாய். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

கூரை ஒழுக்குக்கு முழுவதும் பிரிக்கத் தேவையில்லை. நல்ல வெயிலில், கதவு சன்னல்களைச் சாத்திவிட்டு உள்ளே நின்று மேலே பாருங்கள். வெளிச்சப் புள்ளி தெரியும் இடமெல்லாம் உடைந்த ஓடு அல்லது நழுவிய ஓடு. அடுத்து, இரண்டு கூரைச் சரிவு சேரும் கூடல்வாய். வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் சரிவு இறங்கும் வீடுகளில் நான்கு மூலையிலும் இது இருக்கும். அங்கே சருகும் மண்ணும் அடைத்தால் தண்ணீர் தேங்கி, ஓட்டுக்கு அடியில் புகுந்துவிடும். பல வீடுகளில் ஓடு நன்றாகவே இருக்கும், கூடல்வாய் அடைப்புதான் ஒழுக்கு. ஒரு ஆள், ஒரு நாள் வேலை.

இந்த வேலைக்குக் காலம் ஆவணி, புரட்டாசி. ஆடிக் காற்று ஓட்டை நகர்த்திவிடும், ஐப்பசியில் அடைமழை வந்துவிடும். இடையில் இருக்கும் அந்த இரண்டு மாதத்தை விட்டால், மழைக்குள் ஆள் கிடைக்காது, கிடைத்தாலும் ஈர ஓட்டில் மிதித்து பத்து ஓட்டுக்கு நாற்பதை உடைப்பார்கள். ஓட்டின்மேல் நேராக நடக்கவிடாமல், ஓட்டைத் தாங்கும் சாய்வுச் சட்டமான கைமரத்தை ஒட்டிப் பலகையோ ஏணியோ படுக்க வைத்து அதன்மேல் நடக்கச் சொல்லுங்கள். இடிக்கும் பழைய வீட்டிலிருந்து அதே அளவு ஓடு இருநூறு வாங்கி அடுக்கி வையுங்கள். புது ஓடு பழைய ஓட்டோடு பொருந்தி உட்காராது.

ஒழுக்கை இரண்டு மூன்று மழைக்கு விட்டால் கைமரத்தின் நுனி இற்றுப்போகும், பிறகு விட்டம். ஓட்டு வேலைக்கு ஆகும் கூலியும் தேக்கு விட்டம் மாற்றும் செலவும் ஒப்பிடவே முடியாதவை.

இனி சுவர். உங்கள் வீடு செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டியது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வாங்கும், வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று, பூசாத உயரத்துக்கு ஏறும். தண்ணீரோடு வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து அதைத் தள்ளும். இரண்டு மூன்று வருடத்தில் சிமென்ட் பாளம் பாளமாக விழும்போது தனியாக விழாது, செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டுதான் வரும். முதலில் மூன்றடி உயரத்துக்கு இருந்த சேதம் ஆறடியாகி நிற்கும்.

சரியான வரிசை: கூரை ஒழுக்கை நிறுத்துங்கள். வளவில் மழைநீர் வெளியேறும் துவாரம் அடைத்திருக்கிறதா பாருங்கள். தெருவில் சாலைமேல் சாலை போட்டு மட்டம் உயர்ந்து, தண்ணீர் உங்கள் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தால் அதற்கு ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். உதிர்ந்த பூச்சைச் சுரண்டிவிட்டுச் சுவரை ஒரு கோடை முழுவதும் காயவிடுங்கள். இந்தக் காத்திருப்புக்குச் செலவே கிடையாது. ஆனால் யாரும் காத்திருப்பதில்லை. அதன்பிறகு நன்றாக நீற்றி, குறைந்தது இரண்டு வாரம் தண்ணீரில் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைப்பது இங்குள்ள வழக்கம். ஒரே தடவையில் கனமாகப் பூசாமல் அரை அங்குலத்துக்கு மிகாத அடுக்காக, ஒன்று இறுகியபின் அடுத்தது. வேகமாகக் காய்ந்தால் வெடிக்கும், ஈரச்சாக்கு போட்டு நனைத்துக்கொண்டே இருக்கவேண்டும். மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் சிமென்ட் பூசியதற்குச் சமம். மெருகுக்காகப் பூசும் முட்டை வெள்ளைக்கருப் பூச்சு முகப்புக்கு மட்டும் போதும், அடுக்களைக்கும் பின்கட்டுக்கும் அந்தச் செலவு வேண்டாம்.

கேள்வி: ஆத்தங்குடிக் கல் தரையில் கறை போக ஆசிட் ஊற்றினோம். பளபளப்பு போய்ச் சொரசொரப்பாகிவிட்டது. சரிசெய்ய முடியுமா?
கோட்டையூர் வாசகி

பதில்: போன பளபளப்பு முழுதாகத் திரும்பாது. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது இல்லை. கண்ணாடிமேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் சிமென்டும் மணலும் நிரப்பித் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. மேல்முகமே சிமென்ட்தான், ஆசிட் அதைத் தின்றுவிடும். இனிமேல் வெறும் தண்ணீரில் துடைத்து, வாரம் ஒருமுறை துணியில் சில சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டுத் தேயுங்கள். நடக்க நடக்க ஓரளவு மெருகு ஏறும். புதிதாகத் தரை போடுகிறவர்கள் ஒவ்வொரு வண்ணத்திலும் பத்துப் பதினைந்து கல் கூடுதலாக வாங்கி வையுங்கள். அடுத்த முறை செய்யும் கல்லில் அதே நிறம் அமையாது.

கேள்வி: விளக்கை அணைத்து அணைத்துச் சேமிக்கிறோம். போன முறை 490 யூனிட், இந்த முறை 510. இருபது யூனிட்டுக்கு முன்னூறு ரூபாய்க்கு மேல் கூடியிருக்கிறது. மீட்டர் கோளாறா?
கானாடுகாத்தான் வாசகர்

பதில்: மீட்டர் சரியாகத்தான் இருக்கும். இரண்டு மாதப் பயன்பாட்டில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500க்குள் நின்றால் அடுத்த 100 யூனிட்டுக்கு ஏறக்குறைய பாதிக் கட்டணம். 501ஆவது யூனிட்டிலேயே அந்தப் பாதிக் கட்டணச் சலுகை போய்விடும், 500க்கு மேற்பட்ட யூனிட்டுக்கும் விலை அதிகம்.

கணக்கெடுத்த நாளைக் குறித்துவைத்து, 30ஆம் நாளும் 50ஆம் நாளும் மீட்டரைப் படியுங்கள். 50ஆம் நாளில் 415ஐத் தாண்டியிருந்தால் மீதிப் பத்து நாளும் கவனம். விளக்கில் பெரிதாக எதுவும் மிஞ்சாது, எல்இடி விளக்கு எடுப்பது சொற்பம். பழைய மின்விசிறி 75 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 54 யூனிட். குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை பிஎல்டிசி விசிறி 30 வாட், 22 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். அதிக நேரம் ஓடும் ஒரே ஒரு விசிறியை மாற்றினாலே நீங்கள் 500க்குள் வந்துவிடுவீர்கள். ஒரு குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். தொட்டி நிரம்பி வழிகிற பத்து நிமிடமும் கணக்கில் ஏறும்.

கேள்வி: பெண்ணின் கல்யாணத்துக்காக மூன்று சவரன் பழைய சங்கிலியைப் புது மாடலுக்கு மாற்றலாமா? எடைக்கு எடை என்கிறார்கள்.
பள்ளத்தூர் வாசகி

பதில்: எடைக்கு எடை என்பது பேச்சுதான், பில் அப்படி வராது. உங்கள் 24 கிராம் பழைய நகை, உருக்கிப் பார்த்ததில் 88 சதவீதம் தங்கம் என்று வந்தால் அது 22 காரட்டில் 23 கிராமுக்குச் சமம். புதிய 24 கிராம் சங்கிலிக்கு 12 சதவீதம் சேதாரம் என்றால் 26.88 கிராம் விலை. அதன்மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி, 27.7 கிராம் விலைக்கு வந்துவிடும். நாலரை கிராமுக்கு மேல் கையிலிருந்து கொடுத்து, அதே எடையுள்ள சங்கிலியைக் கொண்டுவருவீர்கள். மூன்று நான்கு முறை மாற்றினால் இரண்டு சவரன் போயே போய்விடும்.

கண்ணி தேய்ந்திருந்தால் ஆசாரியிடம் பற்றவைத்து மெருகு போடுங்கள். புதிதாக வாங்கித்தான் ஆகவேண்டுமென்றால் சேதாரம் குறைந்த எளிய வேலைப்பாடு, ஆறு எழுத்து எண் கொண்ட ஹால்மார்க் முத்திரை. அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்தபின் பணம் கொடுங்கள். கல்யாணத்தில் அணியும் பழைய கழுத்துரு போன்றவற்றை மாற்றுக்குக் கொடுக்கவே வேண்டாம். கடையில் அதன் கைவேலைக்கு ஒரு காசு போடமாட்டார்கள், தங்கத்தின் எடைக்கு மட்டும்தான் விலை.

கேள்வி: பூட்டியே கிடக்கும் வீட்டின் இரண்டாம் கட்டுக் கதவுகளுக்கு வீடு தேடி வந்து விலை கேட்கிறார்கள். விற்றால் வரிக்கு ஆகும்.
நெற்குப்பை வாசகர்

பதில்: வீட்டில் எத்தனை புள்ளிக்கு, அதாவது தனித்தனிக் குடும்பத்துக்குப் பங்கு இருக்கிறதோ அத்தனை பேரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்காமல் ஆணியைக்கூடக் கழற்றாதீர்கள். எல்லோரும் சம்மதித்தாலும், வந்தவர் சொல்லும் விலையிலிருந்து பேச்சைத் தொடங்கவேண்டாம். ஏழடி உயரம், மூன்றரை அடி அகலம், இரண்டு அங்குலக் கனம் என்றால் கதவு மட்டும் நான்கு கன அடி மரம், நிலை தனி. மர வாடியில் பழைய தேக்கு ஒரு கன அடி என்ன விலை என்று விசாரித்துப் பெருக்குங்கள். அது வெறும் மரத்தின் விலை, சிற்ப வேலைக்கு அதற்கு மேல்தான். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் இரண்டு மூன்று கடைகளில் இதேபோன்ற கதவை என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று வாங்குபவரைப்போல் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். கழற்றிய இடத்தில் மழையும் குரங்கும் புகாமல் புதுக் கதவு போடும் செலவையும் கழித்துப் பார்த்தபின், வரிக்கு ஆகுமா என்பதை முடிவு செய்யுங்கள்.