மேலிடத்து முடிவு என்றால் யார் முடிவு?

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கோபக் கடிதங்கள். அரசு எடுத்த முடிவு மேல் கோபம், அதைத் தட்டிக் கேட்க முடியாத நிலை மேல் கோபம். முப்பத்தோரு வருடம் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராகவும் கண்காணிப்பாளராகவும் கோப்புகளோடு வாழ்ந்தவள் நான். அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் இருந்த துணை சுகாதார நிலையத்தை ஐந்து கிலோமீட்டர் தள்ளி மாற்றிவிட்டார்கள். காரணம் கேட்டால் ‘மேலிடத்து முடிவு’ என்கிறார்கள். இரண்டு முறை மறியல் செய்தோம். மண்டபத்தில் அடைத்து வைத்து மாலையில் விட்டார்கள். இனி என்னதான் செய்வது, அம்மா?
(24 வயது வாசகர், விழுப்புரம் மாவட்டம்)

தம்பி, மறியல் செய்தது தப்பே இல்லை. ஆனால் அன்றைக்கு நீங்கள் யாரிடம் கேட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். சமாதானம் பேச வந்த தாசில்தாரிடமும் இன்ஸ்பெக்டரிடமும் கேட்டிருப்பீர்கள். அந்த முடிவை எடுத்தது அவர்கள் இல்லை. எடுத்தவர் அன்றைக்கு உங்கள் ஊர்ப் பக்கமே வந்திருக்க மாட்டார்.

மேலிடம் என்று ஒரு நாற்காலி எந்த அலுவலகத்திலும் கிடையாது. ஒரு நிலையத்தை இடம் மாற்றுவதென்றால் அதற்கு ஒரு கோப்பு இருக்கும். அதில் நடப்புக் கோப்பு ஒரு பக்கம், குறிப்புக் கோப்பு ஒரு பக்கம். வந்த கடிதம், போன கடிதம் எல்லாம் நடப்பில் இருக்கும். முடிவு எப்படிப் பிறந்தது என்பது குறிப்பில்தான் இருக்கும். உதவியாளர் எழுதுவார், கண்காணிப்பாளர் திருத்துவார், அதற்கு மேல் இருப்பவர் இரண்டு வரி சேர்ப்பார், கடைசியில் ஒருவர் ஒப்புதல் தருவார். ஒவ்வொருவரும் சுருக்கொப்பமும் தேதியும் போட்டிருப்பார்கள். நீங்கள் தேடும் மேலிடம் அந்தக் கடைசிக் கையெழுத்துதான்.

அந்தக் குறிப்புப் பக்கங்களைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த மறு வருடமே, கோப்புக் குறிப்புகளை மக்கள் பார்வையிலிருந்து எடுத்துவிட மத்திய அரசு ஒரு திருத்தம் கொண்டுவரப் பார்த்தது. நாடு முழுக்க எதிர்ப்பு வந்ததால் அது கைவிடப்பட்டது. அந்த வருடம் தெருவுக்கு வந்தவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அதே சட்டத்தில் 4(1)(டி) என்று ஒரு பிரிவும் இருக்கிறது. ஒரு நிர்வாக முடிவுக்கான காரணத்தை, அதனால் பாதிக்கப்படுகிறவர்களுக்கு அரசு தானாகவே சொல்ல வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. பெரும்பாலான அலுவலகங்கள் அதை மதிப்பதில்லை என்பது வேறு விஷயம். உங்கள் மனுவில் அந்தப் பிரிவு எண்ணை எழுதுங்கள்.

மனுவில் ‘ஏன் மாற்றினீர்கள்’ என்று மட்டும் கேட்காதீர்கள். பதிவில் இருப்பதைக் கொடுப்பதுதான், மனுவுக்குப் பதில் தர வேண்டிய பொதுத் தகவல் அலுவலரின் கடமை, விளக்கம் எழுதித் தருவது இல்லை. அதனால் ஏன் என்று தொடங்கும் கேள்விக்கு ‘இது தகவல் அல்ல’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணமாகக் கேளுங்கள். இடமாற்றம் தொடர்பான கோப்பின் குறிப்புப் பக்கங்கள் முழுவதன் நகல், இறுதி ஒப்புதல் அளித்த அலுவலரின் பதவியும் தேதியும், மாற்றுவதற்கு முன் நடந்த ஆய்வின் அறிக்கை. இவ்வளவு போதும். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் சரியான பதில் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. ஆணையத்தில் காத்திருப்பு நீளம்தான். ஆனாலும் காரணமில்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளைக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அது அவர் கைக்காசிலிருந்து போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது என்னைப் பற்றியது. 2008ல் ஒரு பெரியவர் ஒரு புறம்போக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்ட கோப்பைக் கேட்டு மனு போட்டிருந்தார். ‘கோப்பு கிடைக்கப்பெறவில்லை என்று எழுது’ என்றார் என் மேலதிகாரி. எழுதினேன். கோப்பு என் முதுகுக்குப் பின்னால், அலமாரியின் கடைசித் தட்டில், சிவப்புத் துணிக் கட்டுக்குள் இருந்தது. எனக்கு அது தெரியும்.

பெரியவர் மேல்முறையீட்டு விசாரணைக்கு வந்தார். குரலை உயர்த்தவே இல்லை. ‘கோப்பு இல்லை என்றால் பரவாயில்லை, அந்தப் பிரிவின் தன்பதிவேட்டைக் காட்டுங்கள்’ என்றார். எந்தத் தாள் எந்தத் தேதியில் யார் இருக்கைக்கு வந்தது, அப்புறம் எங்கே போனது என்பதை ஒவ்வொரு உதவியாளரும் எழுதி வைக்கும் பதிவேடு அது. அந்தக் கோப்பு என் இருக்கைக்குத் திரும்பி வந்த தேதி என் கையெழுத்திலேயே அதில் இருந்தது. மேல்முறையீட்டு அலுவலர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒரு வாரத்தில் பெரியவருக்கு நகல்கள் கிடைத்தன. பயத்தில் அந்த ஒரு வரியை எழுதியதற்கு இன்றைக்கும் எனக்கு மனது வலிக்கிறது. அவர் இரண்டு மாதம் அலைந்ததற்கு நான் காரணம்.

அதனால் தம்பி, கோப்போடு சேர்த்துத் தன்பதிவேட்டின் நகலையும் முதல் மனுவிலேயே கேட்டுவிடுங்கள். கோப்பு எத்தனை வருடம் பாதுகாக்கப்பட வேண்டியது என்றும் கேளுங்கள். குறிப்பிட்ட காலம் ஆன கோப்புகளை அழிக்க விதி இருக்கிறது. அழித்தால் அதற்கும் பதிவு இருக்க வேண்டும்.

ஜெயித்த பிறகு தொகுதிக்கே வராத எம்.எல்.ஏ.வைத் திரும்ப அழைக்க முடியுமா? எல்லோரும் நோட்டாவுக்குப் போட்டால் பயம் வருமா?
(வாசகி, திண்டுக்கல்)

முடியாது, அம்மா. எம்.எல்.ஏ., எம்.பி.யைத் திரும்ப அழைக்க நம் நாட்டில் சட்டம் இல்லை. நோட்டா 2013ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்தது. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் நோட்டாவே அதிக ஓட்டு வாங்கினாலும், அடுத்து அதிக ஓட்டு வாங்கிய வேட்பாளர்தான் ஜெயித்தவர். இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை கிடைத்தால் பதவி உடனே போகும் என்ற தீர்ப்பும் அதே 2013ல், ஜூலை 10ஆம் தேதி வந்தது. அதுவரை மேல்முறையீட்டைக் காட்டியே நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடிந்தது.

உங்கள் கையில் இருப்பது படிவம் 26. வேட்பாளர் தன் சொத்து, கடன், வழக்குகள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கும் பிரமாணப் பத்திரம். தேர்தல் ஆணைய இணையதளத்தில் கிடைக்கும். ஒரே ஆளின் போன தேர்தல் பத்திரத்தையும் இந்தத் தேர்தல் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தெருவில் நாலு பேருக்குப் படித்துக் காட்டுங்கள்.

நாற்பது வருடமாகப் பார்க்கிறேன். ஐந்நூறு ரூபாய் வாங்கிய குமாஸ்தா மாட்டுகிறார். கோடிக்கணக்கில் முடிவெடுத்தவர்கள் மாட்டுவதே இல்லை. சட்டம் பெரியவர்களைத் தொடாது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதானே?
(ஓய்வு பெற்ற ஆசிரியர், ஈரோடு)

ஐயா, நீங்கள் பார்த்தது உண்மை. அதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018ல் 17ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஓர் அதிகாரி தன் பதவியில் எடுத்த முடிவைப் பற்றி விசாரிக்க வேண்டுமானால் முதலில் அரசின் அனுமதி வேண்டும் என்கிறது அது. கையும் களவுமாகப் பிடிபட்டுக் கைதாகிறவருக்கு மட்டும் அந்த அனுமதி தேவையில்லை. ரசாயனப் பவுடர் தடவிய நோட்டை வாங்குவது யார்? கீழே இருப்பவர்தான். மேலே இருப்பவர் நோட்டை வாங்குவதில்லை, கோப்பில் கையெழுத்துப் போடுகிறார். அந்தக் கையெழுத்தை விசாரிக்க அனுமதி, அப்புறம் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர 19ஆம் பிரிவின்படி இன்னொரு அனுமதி. இந்த இரண்டு கதவுக்கும் சாவி அரசிடமே இருப்பது அநியாயம் என்பதுதான் என் எண்ணம்.

ஆனாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். காரணம், வாச்சாத்தி. 1992 ஜூன் 20ஆம் தேதி, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் தர்மபுரி மாவட்டத்தின் அந்த மலையடிவாரப் பழங்குடிக் கிராமத்துக்குள் புகுந்தார்கள். வீடுகளை உடைத்தார்கள், ஆட்களை அடித்தார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். புகாரை வாங்கவே ஆள் இல்லை. கட்சிக்காரர்களும் பழங்குடி மக்கள் சங்கத்தாரும் கூட நின்று, நீதிமன்றம் வரை போய், 1995ல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சிபிஐ வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அதில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29ஆம் தேதி தர்மபுரி நீதிமன்றம் சொன்னது.

மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி அந்தக் கிராமத்துக்கே நேரில் போய்ப் பார்த்தார். 2023 செப்டம்பர் 29ஆம் தேதி தண்டனையை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னார். அதோடு நிற்கவில்லை. அன்றைக்கு மாவட்ட ஆட்சியராகவும் காவல் கண்காணிப்பாளராகவும் மாவட்ட வன அலுவலராகவும் இருந்தவர்கள் மீதும் நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டார். நீங்கள் கேட்கும் பெரியவர்கள் இவர்கள்தான், ஐயா. முப்பத்தோரு வருடம் ஆனது. தாமதத்தை நான் நியாயப்படுத்தவில்லை. அந்தத் தீர்ப்பைக் கேட்க உயிரோடு இல்லாதவர்களை நினைத்தால் தொண்டை அடைக்கிறது. ஆனால் அந்தக் கிராமத்துப் பெண்கள் முப்பத்தோரு வருடம் சொன்ன சொல்லிலேயே நின்றிருக்கும்போது, எதுவும் நடக்காது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கிராம சபையில் தீர்மானத்தை முன்பே எழுதிக்கொண்டு வந்து, கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். போய் என்ன பயன்?
(வாசகர், சிவகங்கை மாவட்டம்)

போங்கள். கையெழுத்துப் போடும் முன், தீர்மானத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் இப்போது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் கிராம சபை. ஆறு முறையும் ஒரே ஒரு வேலையின் செலவுக் கணக்கை மட்டும் படிக்கச் சொன்னாலும் போதும்.

படிப்பதில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். 1994 டிசம்பரில் ராஜஸ்தானில் கோட் கிரானா என்ற கிராமத்தில் சமூகச் செயற்பாட்டாளர் அருணா ராயும் அவருடைய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பின் தோழர்களும் ஊரைக் கூட்டி, அரசு வேலைகளின் கணக்கை அப்படித்தான் உரக்கப் படித்தார்கள். முடியாத கட்டடம் முடிந்ததாகக் கணக்கில் இருந்தது. ‘எங்கள் பணம், எங்கள் கணக்கு’ என்று அவர்கள் எழுப்பிய குரல்தான் பத்து வருடம் கழித்து டெல்லியில் தகவல் அறியும் உரிமைச் சட்டமானது. கூலி வேலை பார்த்தவர்கள் கேட்டு வாங்கிய சட்டம் இது.

தீர்மானத்தில் உங்கள் எதிர்ப்பைப் பதிவு செய்ய மறுத்தால், அன்றைக்கே உங்கள் கைப்பட எழுதி, உடன் இருந்தவர்கள் கையெழுத்தோடு வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஆட்சியருக்கும் அனுப்புங்கள்.

சாலைப் பணி ஒப்பந்தம் பற்றித் தகவல் கேட்டு மனு போட்டேன். மறுநாளே ஒப்பந்ததாரரின் ஆட்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கணவர் அரசு வேலையில் இருக்கிறார். ‘நமக்கு ஏன் வம்பு’ என்கிறார். விட்டுவிடட்டுமா, அக்கா?
(வாசகி, ஊர் பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

உன் கணவரைக் கோழை என்று நான் சொல்ல மாட்டேன், தங்கச்சி. பயத்துக்குக் காரணம் இருக்கிறது. குஜராத்தில் சட்டவிரோதச் சுரங்கங்களை எதிர்த்துத் தகவல் கேட்டுவந்த அமித் ஜேத்வாவை, 2010 ஜூலையில் உயர் நீதிமன்றத்துக்கு எதிரிலேயே சுட்டுக் கொன்றார்கள். ஊழலை வெளிப்படுத்துகிறவர்களைப் பாதுகாக்க 2014ல் ஒரு சட்டம் நிறைவேற்றினார்கள், ஆனால் அதை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. இதை நினைக்கும்போது எனக்கு வருகிற கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

முதலில், நீ மனு போட்ட செய்தி அலுவலகத்திலிருந்துதான் அவர்களுக்குப் போயிருக்கிறது. எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எத்தனை பேர் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று எழுதி, காவல் நிலையத்தில் கொடுத்து மனு ரசீது வாங்கு. நகலை ஆட்சியருக்கும் தகவல் ஆணையத்துக்கும் அனுப்பு.

அப்புறம், தனி ஆளாக இருக்காதே. அந்தச் சாலையில் தினமும் நடக்கிறவர்கள் எத்தனை பேர்? அதே கேள்வியை அதே வார்த்தைகளில் பத்துப் பேர் பத்து மனுவாக அனுப்பட்டும். பத்து வாசலில் போய் நிற்பது அவர்களுக்கும் சிரமம். என்ன காரணத்துக்காகக் கேட்கிறாய் என்று சொல்லத் தேவையில்லை எனத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(2) பிரிவு சொல்கிறது. வீட்டு முகவரிக்குப் பதில் தபால் பெட்டி எண் கொடுத்தாலே போதும் என்று 2013ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தபால் நிலையத்தில் அந்த வசதி இருக்கிறதா என்று விசாரி.

உன்னால் இப்போது முடியாது என்று தோன்றினால் சிறிது நாள் நிறுத்திவை, அதில் குற்ற உணர்வு வேண்டாம். ஆனால் போட்ட மனுவின் நகலையும் ஒப்புகை அட்டையையும் கிழித்துப் போடாதே. முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள் கெடு இருக்கிறது, அந்தத் தேதியை மட்டும் காலண்டரில் குறித்துக்கொள். பெயரையும் முகவரியையும் மறைத்துவிட்டு மனுவின் நகலை எனக்கு அனுப்பு. எப்படிக் கேட்டிருக்கிறாய் என்று பார்த்து, மேல்முறையீட்டை நானே எழுதித் தருகிறேன்.