உருகும் பனியின் சத்தம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

துருவப் பனி உருகுவதைக் கடலுக்கடியில் காது வைத்து ஆராய்கிறார்கள் என்று சொன்னதும் யாழ்ப்பாண நண்பர்கள் கேள்விகளை அனுப்பிவிட்டார்கள். மகிழ்ச்சி.

நல்லூர் மாணவி: அண்ணை, ஐஸ் உருகேக்க சத்தம் வருமோ?

வரும் தங்கச்சி, பலமாகவே வரும். பனி மேல் பனி விழுந்து, காலங்காலமாக அமுங்கித்தான் பனியாறு, அதாவது மெல்ல நகரும் பெரும் பனித்திரள், உண்டாகிறது. இடையிலிருந்த காற்றும் நசுங்கிச் சின்னக் குமிழ்களாக உள்ளே அடைபட்டுவிடும். சில குமிழ்களில் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல 20 மடங்கு வரை இருக்கும். கடல்நீர் பனியைக் கரைத்துக் குமிழை எட்டியதும் காற்று பீறிடும். கணக்கில்லாத குமிழ்கள் சேர்ந்து வெடிக்கும்போது, தாளிக்கும் சட்டியில் கடுகு வெடிப்பது போல ஓயாத பொரியல் சத்தம்; பெரும்பாலும் 1 முதல் 3 கிலோஹேர்ட்ஸ். பனியாறு வந்து சேரும் குடாக்கள், கடலிலேயே இயற்கையாக இரைச்சல் மிகுந்த இடங்களில் சேரும் என்று பனியாற்று ஆய்வாளர் எரின் பெற்றிட் குழுவினர் 2015இல் காட்டினார்கள்.

குருநகர் கடற்றொழிலாளர்: எங்கட போட்டில இருக்கிற எக்கோ சவுண்டர் மாதிரியோ?

இல்லை ஐயா. அது தானே ஒலி அனுப்பி எதிரொலியைப் பிடிக்கும். இங்கே ஹைட்ரோபோன் என்ற நீர்க்கீழ் மைக் சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்.

சுன்னாகம் ஆசிரியை: சற்றலைற் இருக்க இது ஏன்?

சற்றலைற்றுக்கு மேற்பரப்புத்தான் தெரியும், ரீச்சர். பனியாறு கடலைத் தொடும் இடத்தில் நிற்கும் பனிச்சுவர் நீருக்குள் கரைவது தெரியாது. எப்போது இடிந்து விழுமோ என்றிருக்கும் சுவருக்குப் பக்கத்தில் படகும் போகமுடியாது. ஹைட்ரோபோனைச் சற்றுத் தூரத்தில் இறக்கிவிட்டால் இருண்ட குளிர்காலத்திலும் பதிவு நடக்கும். நோர்வேயின் வடக்கே உள்ள ஸ்வால்பார்ட் தீவுகளின் ஹான்ஸ் பனியாற்றில், பனி உடைந்து கடலில் விழும் சத்தத்தை வைத்தே விழுந்த அளவைக் கணக்கிட்டு 2020இல் வெளியிட்டிருக்கிறார்கள்.

அதே ஆசிரியை: அப்ப எத்தனை லீற்றர் உருகினது எண்டும் சொல்லலாமோ?

அங்கேதான் சிக்கல். ஆழம் கூடக்கூட நீரின் அழுத்தம் குமிழை எதிர்த்து நிற்கும், வெடிப்பு அடங்கிவிடும். அதனால் கீழே நன்றாக உருகினாலும் மைக்கில் விழுவது பெரும்பாலும் மேல்பகுதியின் சத்தம். அப்புறம், எல்லாப் பனியிலும் குமிழ் ஒரே அளவில் இல்லை. மேலே மிதக்கும் உருகிய நன்னீரும் ஒலியை வளைத்துவிடும். இவற்றையெல்லாம் கழித்துப் பார்க்கும் வழி கிடைத்தால்தான் லீற்றர் கணக்கு கைக்கு வரும். இந்தத் துறையில் செய்யவேண்டிய பெரிய வேலை அதுதான் என்பேன்.

பருத்தித்துறைத் தம்பி: 'புளூப்' எண்ட சத்தம் கடல் மிருகமோ?

இல்லையப்பா. 1997இல் பசிபிக்கில் பதிவான அது, அந்தாட்டிக்காப் பக்கம் பனி பிளந்த சத்தம் என்று அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவாவே சொல்லிவிட்டது. இணையத்தில் நீங்கள் கேட்பது 16 மடங்கு வேகப்படுத்திய பதிவு.