பார்வையற்ற மாணவிகள் சோதனை செய்யலாமா?

கேள்வி: கோடை விடுமுறையில் மூன்று நாள் அறிவியல் முகாம் நடத்துகிறோம். இந்த முறை கொஞ்சமும் பார்வை இல்லாத எட்டாம் வகுப்பு மாணவிகள் இருவர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அமிலம், சூடு, மின்சுற்று எல்லாம் உண்டு. பக்கத்தில் உட்காரவைத்து விளக்கிச் சொன்னால் போதுமா?

பதில்: போதாது. உட்கார்ந்து கேட்பதைத்தான் வருஷம் பூரா வகுப்பில் செய்கிறார்களே, அதற்கு முகாம் எதற்கு? அமெரிக்காவில் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு 2007-லேயே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பார்வையற்ற பள்ளி மாணவர்களைக் கூட்டி அறிவியல் முகாம் நடத்திவிட்டது. நீங்கள் சோதனைகளைக் குறைக்க வேண்டாம், அளக்கிற விதத்தை மாற்றினால் போதும்.

அமில காரச் சோதனைக்கு லிட்மஸ் தாளை விட்டுவிட்டு வெங்காயத்துக்குப் போங்கள். என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் புத்தகத்திலேயே இருக்கிறது: பொடியாக நறுக்கிய வெங்காயத்தோடு துணித்துண்டுகளைப் பையில் கட்டி ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் ஒரு துண்டில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் இன்னொன்றில் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடும் சில துளி விட்டு, இரண்டையும் தண்ணீரில் அலசிவிட்டு முகர்ந்தால் காரம் பட்டதில் வெங்காய வாசனை போயிருக்கும். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இவர்களுக்கும் கட்டாயம்.

திரவம் அளக்க மெடிக்கல் ஷாப்பில் ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்ச் வாங்குங்கள். 5 மில்லி வரை இழுத்து, தண்டு குழாயை விட்டு வெளியே வருகிற விளிம்பில், தண்டின் மேல் பிளேடால் ஒரு வெட்டு. அடுத்த முறை அந்த வெட்டு நகத்தில் தட்டும்போது நிறுத்தினால் 5 மில்லி. மின்சுற்றில் எல்.இ.டி.க்குப் பதில் பஸ்ஸர். கரைசல் கலங்குவதைக் காட்ட சீயிங் ஏஐ என்ற இலவசச் செயலி இருக்கிறது, வெளிச்சம் கூடினால் அதன் ஒலியும் கூர்மையாகும். பீக்கருக்குப் பின்னால் ஒரு விளக்கை வைத்து, முன்னால் போனைப் பிடித்தால் சரி, கரைசல் கலங்கக் கலங்க ஒலி தாழும்.

சூட்டுக்கு ஸ்பிரிட் விளக்கு வேண்டாம், தீ எங்கே எரிகிறது என்று தடவிப் பார்க்க முடியாது. மின்சார ஹாட் பிளேட், அதுவும் விளிம்பு வைத்த தட்டுக்குள். பிரெய்ல் ஒட்ட ஆளில்லையா? அமில பாட்டிலுக்கு ஒரு ரப்பர் பேண்ட், காரத்துக்கு இரண்டு.

உண்மையில் பெரிய தொல்லை உதவிக்கு வருகிறவர்கள்தான். ஒரு முகாமில் ஒரு பெண் ஒழுங்காகத்தான் ஊற்றிக்கொண்டிருந்தாள், பதறிப்போன தன்னார்வலர் மணிக்கட்டைப் பிடித்ததில் மேஜையெல்லாம் தண்ணீர். கேட்காமல் கையைப் பிடிக்கக் கூடாது, வைத்த பொருளைச் சொல்லாமல் நகர்த்தக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அப்புறம், முதல் நாள் அந்த இருவரையும் அரை மணி நேரம் முன்னதாக வரச் சொல்லி, காலி பீக்கர்களோடு மேஜையைத் தடவிப் பார்க்க விடுங்கள்.