தான்சானியாவின் மோஷி கிராமப்புற மாவட்டத்தில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள்?

கிளிமஞ்சாரோ மலையின் தெற்குச் சரிவில் இருக்கிற மாவட்டம் இது. 5,895 மீட்டர் உயர மலை மழையைப் பிடித்துத் தருகிறது, எரிமலை மண்ணும் நல்ல வளம். இங்கே பெரும்பாலும் சாகா (Chagga) என்ற இனத்து மக்கள்தான்.

அவர்களுடைய கிஹாம்பா என்ற வீட்டுத் தோட்டத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மேலே நிழல் மரங்கள், அதற்குக் கீழே வாழை, வாழை நிழலில் காப்பி, தரையில் சேம்பும் காய்கறியும். கொட்டிலில் கட்டி வளர்க்கும் மாட்டின் சாணம் அப்படியே வாழைக்குப் போய்விடும். மலை ஓடைத் தண்ணீரை வாய்க்கால் வெட்டித் தோட்டங்களுக்குத் திருப்பும் வழக்கமும் மிகப் பழையது. இவ்வளவு நுணுக்கமான விவசாயத்தைப் பார்த்தால் எனக்கு மரியாதை தானாக வருகிறது.

வாழைதான் சாப்பாடு. வாழையும் கேழ்வரகும் சேர்த்து ம்பேகே என்ற கள்ளும் காய்ச்சுகிறார்கள். நம் கேழ்வரகின் பூர்வீகமே கிழக்கு ஆப்பிரிக்காதான்!

காசு தந்த பயிர் காப்பி. 1933-லேயே விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து விற்றார்கள். அப்புறம் விலை சரிந்தது, நிலமும் பிள்ளைகளுக்குப் பங்கு பிரிந்து சுருங்கியது. அதனால் பலர் கீழே சமவெளியில் மக்காச்சோளம், பீன்ஸ் போடுகிறார்கள். இளைஞர்கள் நகரத்துக்கு வேலைக்குப் போய், கிறிஸ்துமஸுக்குக் கூட்டமாக ஊர் திரும்புகிறார்கள்.