பத்திரிகைப் படங்களைப் பார்த்துத் தங்கை சாப்பாட்டைக் குறைக்கிறாள், "அதெல்லாம் எடிட்டிங்" என்று சொன்னால் போதுமா?

போதாது. அந்த எடிட்டிங்கைச் செய்து பிழைக்கிறவள்தான் சொல்கிறேன்.

குன்னூரில் கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணுகிறேன். நடுநடுவே கோயம்புத்தூர் ஜவுளிக்கடை விளம்பரங்களும் பத்திரிகை ஃபேஷன் பக்கங்களும் டச்சப்புக்கு வரும். இடுப்பை எங்கே பிடித்து எவ்வளவு உள்ளே தள்ளினால் பின்னால் இருக்கிற ஜன்னல் கம்பி வளையாது என்பது என் கைக்கே தெரியும். அப்படிப்பட்ட நானும் பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கும் வார இதழ் அட்டையைப் பார்த்ததும் என்னை அறியாமல் வயிற்றை எக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன். பொய் என்று தெரிந்தாலும் ஒப்பிட்டுப் பார்ப்பது நிற்காது. உங்கள் தங்கைக்கு 13 வயது, அலமாரிக் கதவில் நடிகைகள் படத்தை வெட்டி ஒட்டியிருக்கிறாள், காலையில் வெறும் டீயோடு பள்ளிக்கூடம் போகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கு எடிட்டிங் என்றால் என்னவென்று நீங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, கையில் இருக்கும் போனிலேயே ஃபில்டர் இருக்கிறது.

அதுவும் எடிட்டிங் என்பது கடைசிக் கட்டம். அதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்கும். உயரமும் ஒல்லியும் பார்த்துத்தான் மாடலையே கூப்பிடுகிறார்கள். கேமராவைத் தாழ்வாக வைத்தால் கால் நீளமாகத் தெரியும், கையை உடம்போடு ஒட்டாமல் சற்றே தள்ளி வைத்தால் கை மெலிந்து தெரியும், ரவிக்கையும் கவுனும் முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இறுக்கப்பட்டிருக்கும், முன்னாலிருந்து பார்க்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. இதையெல்லாம் தாண்டி நூற்றுக்கணக்கில் எடுத்த படங்களில் ஒன்றே ஒன்றைப் பொறுக்குகிறார்கள். அது என்னிடம் வரும்போதுகூட ஒரு குறிப்போடுதான் வரும்: "தாடை கொஞ்சம், கை கொஞ்சம், ஸ்கின் இரண்டு ஷேடு ஏற்றவும்." நிறத்தை வெளுப்பாக்கச் சொல்லும் அந்த ஷேடு கோரிக்கைதான் எனக்கு மிக அதிகமாக வருவது, கல்யாணப் பெண்ணின் அம்மாவே வந்து உட்கார்ந்து கேட்பார். 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி கிரீம் 2020-ல் பெயரிலிருந்து ஃபேரை எடுத்துவிட்டது, எங்கள் கடைக்கு வரும் குறிப்பில் அது இன்னும் போகவில்லை.

இது கம்ப்யூட்டர் கொண்டுவந்த வினையும் இல்லை. ஊட்டி இந்து நகரில் பிலிம் ஃபேக்டரி ஓடிய காலத்தில், அதாவது ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் கருப்பு வெள்ளைச் சுருள்களை நாடு முழுக்க அனுப்பிய காலத்தில், ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவ் மேல் கூர் சீவிய பென்சிலால் சுருக்கத்தையும் பள்ளத்தையும் நிரப்புவார்கள், பிரிண்டில் அந்த இடம் வழவழவென்று வரும். அதற்கும் முன்னால் தொடர்கதைக்குப் படம் வரைந்த ஓவியர்கள் இருந்தார்கள், அதற்கும் முன்னால் இடை உண்டா இல்லையா என்று சந்தேகப்பட்ட புலவர்கள். தமிழன் எல்லாக் காலத்திலும் ஒல்லியைத்தான் கொண்டாடினான் என்றும் சொல்ல முடியாது. 90-களில் குஷ்புவுக்குத் திருச்சிப் பக்கம் கோயில் கட்டினார்கள், புசுபுசுவென்ற இட்லிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அடுத்த தலைமுறைக்குள் அதே பத்திரிகைகள் "சைஸ் ஜீரோ" என்று மிக ஒல்லியான உடம்புக்குப் பக்கம் போடத் தொடங்கிவிட்டன. உடம்பு மாறவில்லை, விலை போகிற உடம்பு மாறியது. அலமாரிக் கதவில் இருப்பவர்களைப் பற்றித் தங்கையிடம் பேசுவதானால் இந்தக் கதையைச் சொல்லுங்கள், எடிட்டிங் கதையைவிட இதில் சுவாரசியம் அதிகம். படங்களை மட்டும் நீங்களாகக் கிழித்துவிடாதீர்கள், பதிமூன்று வயதில் அது பெரிய சண்டை.

எச்சரிக்கை வாசகம் போட்டால் தீருமா என்றும் சில நாடுகள் பார்த்துவிட்டன. இஸ்ரேல் 2012-ல் சட்டம் போட்டது: விளம்பர மாடலுக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று பார்க்கும் கணக்கு, குறைந்தது 18.5 இருக்க வேண்டும், படத்தில் உடம்பைக் குறைத்திருந்தால் அதைச் சொல்ல வேண்டும். ஃபிரான்ஸில் 2017 அக்டோபரிலிருந்து உடம்பைத் திருத்திய விளம்பரப் படத்தில் "திருத்தப்பட்ட படம்" என்று போட்டாக வேண்டும். சட்டம் நல்லதுதான், எனக்கு வேலை குறைந்தாலும் பரவாயில்லை. ஆனால் வாசகம் போட்ட படத்தையும் போடாத படத்தையும் பெண்களிடம் காட்டிப் பார்த்த ஆய்வுகள் பெரும்பாலானவற்றில் வாசகத்தைப் படித்ததால் யாருக்கும் தன் உடம்பு மேல் உள்ள கோபம் குறையவில்லை. அதனால்தான் போதாது என்றேன்.

இதில் எனக்கு மறக்காத ஆய்வு ஃபிஜித் தீவைப் பற்றியது. அங்கே நட்ரோகா என்ற பகுதிக்கு 1995-ல்தான் டிவி வந்தது. நன்றாகச் சாப்பிட்டுத் திடமாக இருப்பதைத்தான் அங்கே அழகு என்பார்கள், யாராவது இளைத்தால் வீட்டில் கவலைப்படுவார்கள், நம் பாட்டிகள் மாதிரியே. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் டிவி வந்த புதிதில் பள்ளி மாணவிகளிடம் கேட்டபோது எடை குறைக்க வாந்தி எடுப்பதாக ஒருத்தியும் சொல்லவில்லை. 1998-ல் அதே வயது மாணவிகளிடம் கேட்டபோது 11.3 சதவீதம் பேர் அப்படிச் சொன்னார்கள். மூன்றே வருஷம்! டிவியில் வந்தவர்களின் உடம்பைப் பார்த்த அந்தப் பிள்ளைகள் அது நிஜமா பொய்யா என்று பார்க்கவில்லை, அப்படி இருந்தால்தான் முன்னேறலாம் என்று நினைத்தார்கள்.

கோத்தகிரி என்று போட்டிருக்கிறீர்கள், அதனால் நம் ஊர் விஷயம் ஒன்று. இங்கே பிள்ளைகள் காலையிலிருந்து ராத்திரி வரை ஸ்வெட்டருக்குள் இருக்கிறார்கள், அம்மா சால்வைக்குள், பாட்டி போர்வைக்குள். கீழே சமவெளியில் ஆறு, கிணறு, வேர்வை என்று நாலு விதமான சாதாரண உடம்பாவது கண்ணில் படும். நம் பெண்பிள்ளைகள் அதிகமாகப் பார்க்கும் வேற்று உடம்பு பத்திரிகையிலும் போனிலும் இருப்பதுதான். ஷூட்டிங் நடக்கும்போது ஊட்டியில் பார்த்திருப்பீர்கள், ஹீரோ ஜெர்கின் போட்டிருப்பார், ஹீரோயின் மெல்லிய சேலையில் நடுங்குவார், கட் சொன்னதும் யாரோ சால்வையோடு ஓடுவார்கள். திரையில் அந்தச் சால்வை வராது.

சரி, என்னதான் செய்வது? முதலில் வீட்டுப் பேச்சு. "என்னடி இப்படி ஊதிட்டே", "எலும்பா இருக்கே, யாரு கட்டிக்குவா" இரண்டும் ஒரே சாட்டைதான். விசேஷ வீட்டில் அத்தை பெரியம்மா வாயை அடைக்க முடியாது, ஆனால் உங்கள் அம்மாவிடம் தனியாகச் சொல்லலாம். நீங்களும் கண்ணாடி முன் நின்று உங்கள் தொடையைத் திட்டுவதை நிறுத்த வேண்டும், அதைத்தான் அவள் முதலில் படிக்கிறாள். எடையைப் பற்றிய கேலி நடக்கிற வீட்டுப் பிள்ளைகளிடம் பட்டினி கிடப்பது, வாந்தி எடுப்பது மாதிரியான சாப்பாட்டுக் கோளாறு அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. இந்த வயதில் இடுப்பிலும் தொடையிலும் சதை வைப்பது பூப்படைவதோடு சேர்ந்த வளர்ச்சி. பெரியவர்களுக்கான பிஎம்ஐ அட்டவணையை அவள் மேல் போடவும் கூடாது, பிள்ளைகளுக்கு வயதை வைத்துப் பார்க்கும் வேறு கணக்கு இருக்கிறது.

அடுத்தது அந்த வெறும் டீ. தேயிலை மலையில் இருந்துகொண்டு இதைச் சொல்லக் கூடாதுதான், ஆனால் சாப்பாட்டோடு குடிக்கும் டீ உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. இந்தப் பெண்களுக்குத்தான் பத்திரிகைகள் "ஏழே நாளில் ஸ்லிம்" என்று பக்கம் போடுகின்றன, எனக்கு அந்தப் பக்கத்தின் மேல்தான் அட்டைப்படத்தைவிடக் கோபம். அவளிடம் எடையைப் பேசாமல், கோத்தகிரி மேட்டில் மூச்சு வாங்காமல் ஏற முடிகிறதா, மூன்றாவது பீரியடில் தலை சுற்றுகிறதா என்று கேளுங்கள். ராகிக் களியோ இட்லியோ முட்டையோ, சாப்பிடும்போது கூட உட்காருங்கள், டீ ஒரு மணி நேரம் கழித்து.

சில அறிகுறிகள் தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். சாப்பிட்டதும் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்துவது, தட்டில் இருப்பதை ஒளிப்பது, வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூன்று மாதம் நின்றுபோவது, முடி கொட்டுவது, மயக்கம். எப்போதும் குளிருது என்பதும் ஒரு அறிகுறி, நம் ஊரில் அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம், எல்லாரும் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்ட மத்தியான வெயிலிலும் அவள் மட்டும் நடுங்கினால் கவனியுங்கள். குழந்தை மருத்துவரிடம் காட்டி ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள், மனசு விஷயமாகப் போனில் பேச அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். வேறு காரணம் சொல்லி ஏமாற்றிக் கூட்டிப் போகாதீர்கள், எதற்காகப் போகிறோம் என்று முந்தின நாளே அவளிடம் சொல்லிவிடுங்கள்.