அம்மப்பாவின் கூத்துப் பாட்டும் அமெரிக்க விண்ணப்பமும்

வாசகர் கேள்விகள்: இந்த இதழில் இசைப் பட்டப்பின் படிப்பு

கேள்வி: ரீச்சருக்கு வணக்கம். இராமநாதன் அகடமியில் வாய்ப்பாட்டில் நான்கு வருடச் சிறப்புப் பட்டம் முடித்து ஒரு வருடம் ஆகிறது. இப்போது வீட்டில் பத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுக்கிறேன். வெளிநாட்டில் இசையில் முதுமாணி செய்ய விருப்பம். கனடாவில் இருக்கும் மாமா ஏஜென்சி ஒன்றைப் பிடிக்கச் சொல்கிறார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விபரங்களைப் பார்த்தால் எந்தப் பட்டத்துக்கு விண்ணப்பிப்பது என்றே விளங்கவில்லை. ஏன் இதைப் படிக்க விரும்புகிறேன் என்று நோக்க அறிக்கை எழுதச் சொல்கிறார்கள். அதில் எழுத என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஐந்தாறு கச்சேரி செய்திருக்கிறேன். அம்மப்பா காத்தவராயன் கூத்தைப் பழக்கும் அண்ணாவியாராக இருந்தவர், அதைத் தவிர வீட்டில் இசைக்காரர் யாரும் இல்லை.
- வாசகி, அளவெட்டி

பதில்: பிள்ளை, உமது கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மூன்று தரமும் அந்தக் கடைசி வரியில் நின்றுவிட்டேன். "அதைத் தவிர" என்று எழுதி ஒதுக்கி வைத்திருக்கிறீரே, உமது விண்ணப்பமே அதுதான். அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் பட்டத்தின் பெயர்க் குழப்பம். அங்கே 'மாஸ்டர் ஒஃப் மியூசிக்' என்று இருப்பது பெரும்பாலும் மேலைத்தேய இசையை மேடையில் நிகழ்த்துகிறவர்களுக்கானது. வாய்ப்பாட்டுப் பிரிவுக்குப் போட்டால் இத்தாலிய மொழியில் ஒன்று, ஜெர்மன் மொழியில் ஒன்று என்று பாடி அனுப்பச் சொல்வார்கள். உமது தோடியை அங்கே யாரும் கேட்கப் போவதில்லை. நீர் பார்க்க வேண்டியது இன இசையியல். 'எத்னோமியூசிகொலஜி' என்று இருக்கும். ஒரு சனக்கூட்டம் ஏன், எப்படி, யாருக்காகப் பாடுகிறது என்று ஆராய்கிற படிப்பு. வாசிப்பு நிறைய, எழுத்து அதைவிட நிறைய, கள ஆய்வும் உண்டு. பாட்டை விட்டுவிட வேண்டியதில்லை. அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் 1960களிலிருந்து கர்நாடக இசை சொல்லிக் கொடுக்கிறார்கள். பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி அம்மாவின் தம்பிமார் ரங்கநாதனும் விஸ்வநாதனும் படிப்பித்த இடம் அது. கனடாவில் ரொறன்ரோ யோர்க் பல்கலைக்கழகத்தில் 1971இலேயே திருச்சி சங்கரனும் ஜோன் ஹிக்கின்ஸும் தென்னிந்திய இசையைத் தொடங்கி வைத்தார்கள்.

ஆனால் ஒன்றை உம்மிடம் நேரே கேட்கிறேன். விடிய ஐந்து மணிக்கு எழும்பி சாதகம் செய்யும்போது நீர் கனவு காண்பது மேடையையா, புத்தகத்தையா? மேடை என்றால் அமெரிக்கா வேண்டாம். சென்னைக்கோ சிதம்பரத்துக்கோ போம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் நமக்கும் உறவு பழையது. அங்கே படித்து சங்கீத பூஷணம் வாங்கி வந்தவர்கள்தான் யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறைக்கே பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர்கள். இந்திய அரசின் கலாசார உறவுகள் பேரவை (ஐ.சி.சி.ஆர்.) தரும் புலமைப்பரிசிலும் இருக்கிறது, அதற்கு ஒலிப்பதிவோ காணொளியோ ஆயத்தமாக வைத்திரும். கேள்விகளோடு மல்லுக்கட்ட விருப்பம் என்றால் மட்டும் மேற்கே பாரும். இரண்டுக்கும் ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி அனுப்புகிற வேலை மட்டும் வேண்டாம்.

சரி, அம்மப்பாவுக்கு வருவோம். தெரிவுக் குழுவில் இருப்பவர்கள் ஒரு நாளில் எத்தனையோ நோக்க அறிக்கைகளை வாசிப்பவர்கள். 'சிறு வயது முதலே எனக்கு இசையில் தீராத ஆர்வம்' என்று தொடங்காதது அதில் எத்தனை இருக்கும்? என்னிடம் வந்த ஒரு பிள்ளையும் அப்படித்தான் எழுதிக் கொண்டுவந்தாள். பேனையால் அந்தப் பந்தி முழுவதையும் வெட்டிவிட்டு, "உன்ரை அப்பா என்ன வேலை?" என்று கேட்டேன். தகப்பன் கோயில்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். திருவிழாக் காலத்தில் விடியற்காலை முதலில் எந்தப் பாட்டைப் போடுவது என்று அவருக்கும் கோயில் நிர்வாகத்துக்கும் நடந்த சண்டையை அவள் கதிரை நுனியில் இருந்து சொல்லச் சொல்ல, நான் தேத்தண்ணி ஆறுவதையும் மறந்து எழுதிக்கொண்டிருந்தேன். அந்தச் சண்டையோடு தொடங்கிய அறிக்கையைத்தான் அனுப்பினாள். இப்போது வட அமெரிக்காவில் இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

உமக்குக் கிடைத்திருப்பது சிந்துநடைக் கூத்தான காத்தவராயன் கூத்து. அம்மன் கோயில் முன்றலில் விடிய விடிய ஆடுகிறது. இராகத்தின் பெயரே சொல்லாமல் அம்மப்பா படிப்பித்த மெட்டுகள், நாலு வருடம் கர்நாடக இசை கேட்ட உமது காதுக்கு இப்போது எப்படிக் கேட்கின்றன? ஊருக்கு ஊர் அந்த மெட்டு மாறுகிறதா? ஆர்மோனியம் வந்த பிறகு அதன் வளைவு நெளிவு எதுவும் போய்விட்டதா? கூத்தை அகடமிக்காரர் ஏன் 'சங்கீதம்' என்று சொல்வதில்லை? இந்த நாலில் ஒன்றை எடும். பெரிய பதில் ஒன்றும் வேண்டாம், நல்ல கேள்வி ஒன்று இருந்தால் போதும். இரண்டு பக்கம். முதலில் தமிழில் எழுதி, சத்தமாக வாசித்துப் பார்த்து, பிறகு ஆங்கிலத்தில் எழுதும். அங்கே எந்தப் பேராசிரியரிடம், எதற்காகப் படிக்க வருகிறீர் என்று ஒரு பந்தியும் வேண்டும். அவர் எழுதிய கட்டுரை ஒன்றையாவது உண்மையாக வாசித்துவிட்டு எழுதும், வாசிக்காததை அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஓகஸ்ட், செப்ரெம்பரில் அவருக்கு ஒரு சின்ன மின்னஞ்சலும் போடலாம்.

இன்னொன்று. நீர் படித்த இடத்தை அங்கே பலருக்குத் தெரியாது. ஒரு வசனத்தில் அறிமுகப்படுத்தும்: 1960இல் மருதனார்மடத்தில் தொடங்கியது, மகாராஜபுரம் சந்தானம் அதிபராக இருந்த இடம், பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இதை எழுத வெட்கப்பட வேண்டாம். நமது வீட்டின் முகவரியை நாம்தான் சொல்ல வேண்டும்.

எழுத்து மாதிரி ஒன்றும் கேட்பார்கள். உமது இறுதி வருட ஆய்வேடு தமிழில்தானே இருக்கும்? முழுவதையும் மொழிபெயர்க்க ஓடாதேயும். ஆகச் சிறந்த அத்தியாயம் ஒன்றை எடுத்து பதினைந்து பக்கத்தில் ஆங்கிலமாக்கும். இதற்கு மட்டும் இரண்டு மாதம் வையும்.

பரிந்துரைக் கடிதம் பெரும்பாலும் மூன்று. நமது ஆசிரியர்கள் அன்பானவர்கள், ஆனால் 'இவர் நற்குணமும் பணிவும் உடையவர், நல்ல குடும்பத்தைச் சேர்ந்தவர்' என்று நாலு வரி எழுதித் தந்துவிடுவார்கள். அது கல்யாணத்துக்குத்தான் உதவும். கேட்கப் போகும்போது ஒரு தாளில் குறித்துக்கொண்டு போம்: எந்த வருடம் அவரிடம் எதைப் படித்தீர், எந்த ஒப்படைக்கு என்ன பெறுபேறு, அவரே உம்மைப் பாராட்டிய ஒரு சந்தர்ப்பம். இதைக் கொடுத்தால் அவருக்கும் எழுத இலகு. கடிதத்தை நீர் அனுப்ப முடியாது. பல்கலைக்கழகம் அவருடைய மின்னஞ்சலுக்கு நேரே ஒரு இணைப்பை அனுப்பும், அவரே பதிவேற்ற வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் என்றால் ஒரு பின்னேரம் அவர் வீட்டுக்குப் போய், மடிக்கணினியைத் திறந்து வைத்து, அந்த மின்னஞ்சல் குப்பைப் பெட்டிக்குள் போயிருக்கிறதா என்றும் பார்த்துக் கொடும். கடிதத்தை எழுதும்போது மட்டும் வெளியில் வந்து முற்றத்தில் இரும்.

ஒலிப்பதிவு. இதில்தான் எங்கள் பிள்ளைகள் வீணாகக் காசு செலவழிக்கிறார்கள். ஸ்ரூடியோவில் எதிரொலி சேர்த்து, குரலை மினுக்கி அனுப்பினால் கேட்பவருக்குச் சந்தேகம்தான் வரும். வெட்டு ஒட்டு இல்லாத ஒரே எடுப்பு, சுத்தமான சுருதி, உமது முகமும் தாளம் போடும் கையும் தெரிகிற காணொளி, இவ்வளவும் போதும். யாழ்ப்பாணத்தில் அமைதியான நேரம் எது என்று நான் கண்டுபிடித்திருக்கிறேன்: பின்னேரம் இரண்டு மணி. விடியவென்றால் சேவலும் கோயில் ஒலிபெருக்கியும், பொழுதுபட்டால் ஒட்டோவும் நாயும். விசிறியை நிற்பாட்டி, குளிர்சாதனப் பெட்டியின் வயரைக் கழற்றி, யன்னலுக்குப் போர்வை கட்டி, தலையணைகளைச் சுவரோடு அடுக்கி ஒரு பிள்ளைக்குப் பதிவு செய்தோம். வேர்வை வழிய வழிய அவள் பாடிய அந்த கரகரப்பிரியாவில் மூச்சுக்கூடக் கேட்டது. முடிகிற நேரம் முற்றத்தில் ஒரு தேங்காய் விழுந்தது. அதையும் வெட்டாமல் அனுப்பினோம்.

ஆலாபனையைப் பன்னிரண்டு நிமிடம் பாட வேண்டாம். முதல் இரண்டு நிமிடத்துக்குள் உமது குரல் தெரிந்துவிட வேண்டும். சின்ன ஆலாபனை, கீர்த்தனை, நிரவல், கொஞ்சம் கற்பனாஸ்வரம். மற்றப் பதிவில் அம்மப்பாவின் மெட்டு ஒன்று. அவர் இருக்கிறாரா பிள்ளை? நீர் எழுதவில்லை. இருந்தால் இந்தக் கிழமையே அவரைப் பாடச் சொல்லிப் பதிந்து வையும். விண்ணப்பம் எக்கேடும் கெடட்டும், அதை முதலில் செய்யும்.

காசு. அமெரிக்காவில் கலாநிதிப் பட்டத்துக்குப் பல இடங்களில் கல்விக் கட்டணத்தை விலக்கி, கற்பித்தலில் உதவி செய்வதற்கு மாதப் படியும் தருகிறார்கள். முதுமாணிக்கு அப்படித் தருகிற இடங்கள் குறைவு, தேடிப் பிடிக்க வேண்டும். நான்கு வருடச் சிறப்புப் பட்டம் இருப்பதால் நேரே கலாநிதிக்கே போடக்கூடிய இடங்களும் இருக்கும், தயங்காமல் விசாரியும். இங்கிலாந்தில் முதுமாணி ஒரு வருடம்தான், ஆனால் காசு நம்முடையது. கொமன்வெல்த் புலமைப்பரிசில் கிடைத்தால் போகலாம். அம்மாவின் காணி உறுதியை ஈடு வைத்து இசை படிக்கப் போக வேண்டாம். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். விண்ணப்பக் கட்டணமும் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி. கட்டமுடியாது என்று எழுதிக் கேட்டால் விலக்குத் தரும் இடங்கள் உண்டு, எனவே முதலில் கேளும். மாமா சொல்கிற ஏஜென்சிக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். அவர்களால் செய்யக்கூடிய ஒரே வேலை படிவம் நிரப்புவது, அதை நீரே செய்வீர். உமது அம்மப்பாவைப் பற்றி அவர்கள் எழுத மாட்டார்கள்.

கடைசியாக நாட்காட்டி. அடுத்த வருடம் புரட்டாதியில் வகுப்புத் தொடங்க வேண்டும் என்றால் இந்த வருடம் மார்கழிக்குள் எல்லாம் போய்ச் சேர வேண்டும். 2003இல், போர்நிறுத்தத்தில் கண்டி வீதி திறந்திருந்த காலத்தில், நானும் வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தேன். எல்லாம் ஆயத்தம், பாடவாரிப் பெறுபேற்றுப் பத்திரம் மட்டும் வரவில்லை. ஒரு அலுவலகத்தில் இன்று வா, நாளை வா என்று ஏழு கிழமை. கையில் கிடைத்தபோது முடிவுத் திகதி கடந்து பதினொரு நாள். அந்த உறை இன்னும் என் அலுமாரிக்குள் ஒட்டியபடியே இருக்கிறது. ஆகவே பெறுபேற்றுப் பத்திரத்துக்கு இன்றே எழுதிக் கொடும். ஒன்றுக்கு நாலு பிரதி எடும். ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்ற ஆங்கிலப் பரீட்சையின் பெறுபேறு இரண்டு வருடம் செல்லும் என்பதால் அதையும் முன்கூட்டியே எழுதி முடிக்கலாம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 11.59 என்றால் மார்கழியில் நமக்கு அடுத்த நாள் காலை 10.29. அதை நம்பி இருக்க வேண்டாம், அன்றைக்கென்று பார்த்து மின்சாரம் நிற்கும்.

கேள்வி: எனக்கு வயது 29. தவில் வாசிக்கிறேன், பரம்பரைத் தொழில். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டேன். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகள் எழுதியிருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் பட்டப்பின் படிப்புக்கு எனக்கு வழி உண்டா?
- இணுவில் வாசகர்

பதில்: தம்பி, ஆசை காட்டி ஏமாற்ற மாட்டேன். முதல் பட்டம் இல்லாமல் பட்டப்பின் படிப்பு பொதுவாகக் கிடைக்காது. சபைச் சான்றிதழ் நல்ல சான்றிதழ், ஆனால் அது பட்டத்துக்கு ஈடாகாது. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, தனிப்பட்ட பரீட்சார்த்தியாக உயர்தரம் எழுதி, பட்டப் படிப்புக்கு வருவது. 29 வயதில் இருபது வயதுப் பிள்ளைகளோடு வாங்கில் இருக்க மனம் வேண்டும். எனது வகுப்பில் அப்படி இருந்தவர்கள் உண்டு, எல்லாரிலும் கவனமாகப் படித்தவர்கள் அவர்கள்தான்.

மற்றது, மாணவராகப் போகாமல் கலைஞராகப் போவது. வெளிநாட்டு இசைத்துறைகள் சில வருகைதரு கலைஞர்களை அழைத்து வாசிக்கவும் சொல்லிக் கொடுக்கவும் வைக்கின்றன. அதற்கு யாரும் உயர்தரம் கேட்பதில்லை, வாசிப்பைத்தான் கேட்பார்கள். யாழ்ப்பாணத்துத் தட்சணாமூர்த்தி 1975இல் நாற்பத்தொரு வயதில் காலமாகிவிட்டார், தமிழ்நாடே அவருடைய தவிலைக் கொண்டாடியது. அந்த மண்ணில் இருந்து எழுதுகிறீர். உமது வாசிப்பில் பத்து நிமிடத் தனியை நல்ல பதிவாக எடும். அப்பாவிடமும் பெரியப்பாவிடமும் படித்த சொற்கட்டுகளை ஒரு கொப்பியில் எழுதும், யாரிடம் எப்போது படித்தது என்பதோடு. ஆங்கிலத்தில் ஒரு பக்க அறிமுகம் வேண்டும். அதை எழுத ஆள் இல்லையென்றால் எனக்கு எழுதும், நான் எழுதித் தருகிறேன். மேலே அளவெட்டிப் பிள்ளைக்குச் சொன்னதுபோல ஆராய வருகிறவர்களும் உம்மைத் தேடி வருவார்கள். அப்போது ஒலிப்பதிவை யார் வைத்திருப்பது, உமது பெயர் எங்கே வரும் என்று முதலிலேயே எழுத்தில் கேட்டு வையும்.

கேள்வி: மகளுக்கு 26 வயது. சென்னையில் இசை முதுமாணிக்கு இடம் கிடைத்திருக்கிறது, இரண்டு வருடம். சம்பந்தம் ஒன்றும் பேசி வருகிறது. போகவிட்டால் கல்யாணம் தள்ளிப் போகுமே என்று பயமாக இருக்கிறது.
- ஒரு தாய், கோப்பாய்

பதில்: உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது அம்மா. என் தாயும் அப்படித்தான் பயந்தார். நான் சென்னைக்குப் போகிற அன்று வாசலில் நின்று ஒரு சொல்லும் சொல்லாமல், பையின் அடியில் எள்ளுருண்டைப் போத்தலைத் திணித்தார். நான் திரும்பி வந்து இரண்டு வருடம் கழித்துத்தான் கல்யாணம் நடந்தது, நன்றாகத்தான் நடந்தது. இடத்தைப் பிற்போட முடியுமா என்று கேட்டுப் பார்க்காதீர்கள், கிடைத்ததை இழக்கவும் கூடும். சம்பந்தப் பேச்சை நிறுத்தவும் வேண்டாம். அடுத்த முறை மாப்பிள்ளை வீட்டார் வரும்போது சாதகக் குறிப்போடு அந்த அனுமதிக் கடிதத்தையும் மேசையில் வையுங்கள், அவர்கள் எதை முதலில் கையில் எடுக்கிறார்கள் என்று பாருங்கள்.