தொலைத்தொடர்பு தரநிலைகளில் ஃபார்மல் ஸ்பெசிஃபிகேஷன் உண்மையிலேயே பயன்படுகிறதா?

ஒரு அமைப்பு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை, கருவி வைத்துச் சரிபார்க்கும்படி துல்லியமான மொழியில் எழுதுவதுதான் ஃபார்மல் ஸ்பெசிஃபிகேஷன். கேள்வி கேட்டிருப்பவர் இறுதியாண்டு மாணவர். அதற்கான ஸ்பின், டி.எல்.ஏ. பிளஸ் கருவிகள் எல்லாம் பாடத்தில் வருகிறது, வேலைக்குப் போனபின் டெலிகாமில் இதை யாராவது தொடுகிறார்களா, இல்லை பரீட்சையோடு முடிந்துவிடுமா, மென்பொருள் வடிவமைப்பில் இது உதவுமா என்று கேட்கிறார்.

தொடுகிறார்கள். ஆனால் தொட வேண்டிய அளவுக்குத் தொடுவதில்லை என்பது என் ஆதங்கம். நான் சிக்னலிங் (அழைப்பை இணைக்கவும் துண்டிக்கவும் கருவிகள் பரிமாறிக்கொள்ளும் மெசேஜ்கள்) மென்பொருளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன், அதனால் தினமும் என் கண்ணில் படுவதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். டெலிகாம் தரநிலைகளில் ஒரு பாதி ஏற்கெனவே ஃபார்மல்தான். 5ஜியில் உங்கள் போனும் டவரும் பேசிக்கொள்ளும் ஆர்.ஆர்.சி. ப்ரோட்டோகாலை (பேசும் விதிமுறையை) எடுத்துக்கொள்ளுங்கள், மொபைல் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் 38.331 ஆவணம். அதில் ஒவ்வொரு மெசேஜின் வடிவமும் ஏ.எஸ்.என்.1 என்ற மொழியில் எழுதப்பட்டிருக்கிறது. 1980களில் சி.சி.ஐ.டி.டி. என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு தரநிலை அமைப்பு (இன்றைய ஐ.டி.யூ.-டி.) கொண்டுவந்த மொழி அது. அந்த வரிகளை அப்படியே கம்பைலரில் போட்டால், மெசேஜைப் பிட்களாக்கும் என்கோடரும் அவற்றைத் திரும்பப் படிக்கும் டிகோடரும் வந்துவிடும். அதனால்தான் எந்த பிட் எங்கே இருக்க வேண்டும் என்று இரண்டு கம்பெனி கருவிகள் சண்டை போட்டுக்கொள்வது அபூர்வம்.

அதே ஆவணத்தில், மெசேஜ் வந்தபின் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதிக்குப் போங்கள். எல்லாம் ஆங்கில உரைநடை. வரி முன்னால் "1>", "2>", "3>" என்று போட்டு உள்ளே தள்ளித் தள்ளி எழுதியிருப்பார்கள், பார்த்தால் நிரல் மாதிரியே இருக்கும். ஆனால் அதைப் படித்து "இந்த நிலையில் இந்த மெசேஜ் வந்தால் என்ன செய்வது என்று நீ சொல்லவே இல்லையே" என்று கேட்க வழக்கத்தில் ஒரு கருவியும் கிடையாது. அந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்பது எங்களைப் போன்ற டெஸ்டர்கள்தான், அதுவும் பொருள் தயாராகி, இரண்டு கம்பெனி கருவிகளை ஒன்றாக இணைத்துப் பார்க்கும் நாளில். டைமர் முடிந்துவிட்டது, அதற்குள் எதிர்ப்பக்கம் அனுப்பிய பதில் வழியில் வந்துகொண்டிருக்கிறது, இப்போது அதை ஏற்பதா தள்ளுவதா? ஒரே பத்தியைக் காட்டி இரண்டு தரப்பும் "எங்கள் பக்கம் சரி" என்று வாதிடுவதையும், இரண்டு பேர் சொல்வதும் அந்தப் பத்தியின்படி சரியாகவே இருப்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு உதாரணம், கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். ஒருவருக்கு போன் போடுகிறீர்கள், மணி அடிக்கிறது, வேண்டாமென்று நீங்கள் துண்டிக்கும் அதே நொடியில் அவர் எடுத்துவிடுகிறார். உங்கள் 'கேன்சல்' அங்கே போய்க்கொண்டிருக்கிறது, அவருடைய '200 ஓகே' இங்கே வந்துகொண்டிருக்கிறது. 4ஜி வழியே போகும் வோல்ட்இ அழைப்புகளுக்கு அடிப்படையான எஸ்.ஐ.பி. ப்ரோட்டோகாலில் (இணையத் தரநிலை ஆவணம் ஆர்.எஃப்.சி. 3261, ஜூன் 2002, மொத்தம் 269 பக்கம்) இதற்கு விடை உண்டு: 'ஏக்' (கிடைத்தது என்ற பதில்) அனுப்பி ஏற்றுக்கொண்டு, உடனே 'பை' அனுப்பி முடி. ஆனால் கேன்சல் 9ஆம் பிரிவில், அழைப்பைத் தொடங்கும் இன்வைட்டும் ஏக்கும் 13இல், பை 15இல் என்று சிதறிக் கிடக்கிறது, படிப்பவர்தான் கோத்துக்கொள்ள வேண்டும். இப்படிப்பட்ட குறுக்கீடுகளை விளக்க 2008இல் ஆர்.எஃப்.சி. 5407 என்று தனியாக ஓர் ஆவணமே வந்தது. அதே ஆண்டு ஏ.டி.&டி.யில் இருந்த பமீலா ஸேவ் எஸ்.ஐ.பி.யை ஸ்பின்னுக்கான ப்ரோமெலா மொழியில் மாடலாக (அதன் நடத்தையின் சுருக்கமான வடிவமாக) எழுதி ஸ்பின்னில் ஆராய்ந்திருந்தார். இரண்டு முனை, நடுவில் ஒரு சேனல், அவ்வளவு எழுதினாலே போதும், கேன்சலும் ஓகேயும் வழியில் சந்தித்துக்கொள்ளும் வரிசையை ஸ்பின் விடாமல் தேடி எடுத்துக் கொடுத்துவிடும்.

இது புதிய யோசனையும் கிடையாது. ஐ.பி.எம். ஜூரிக் ஆய்வகத்தில் 1978லேயே எக்ஸ்.21 என்ற டேட்டா இணைப்புத் தரநிலையை இயந்திரத்தை வைத்து அலசி, கமிட்டி ஒப்புதல் தந்த ஆவணத்தில் ஓட்டைகளைக் கண்டுபிடித்தார்கள். அப்புறம் லோட்டோஸ், எஸ்டெல் என்ற ஃபார்மல் மொழிகள் 1989இல் ஐ.எஸ்.ஓ. தரமாகவே வந்தன. அவை நம்பியிருந்த ஓ.எஸ்.ஐ. ப்ரோட்டோகால்கள் டி.சி.பி./ஐ.பி.யிடம் தோற்றதும் அவையும் மங்கிப்போயின. எஸ்.டி.எல். என்ற இன்னொரு மொழி மட்டும் டெலிகாம் கம்பெனிகளில் நிலைத்தது.

சரி, நிரூபித்துவிட்டால் நிம்மதியா? இங்கேதான் கவனம் வேண்டும். 2017இல் வைஃபையின் பாதுகாப்பு முறையான டபிள்யூ.பி.ஏ.2வை உடைத்த 'க்ராக்' தாக்குதலைப் பாருங்கள். இணையும்போது இரு தரப்பும் சாவியை ஒப்புக்கொள்ளும் அதன் நான்கு மெசேஜ் ஹேண்ட்ஷேக் பாதுகாப்பானது என்று அதற்குப் பல வருடம் முன்பே கணித நிரூபணம் இருந்தது, இன்றும் அந்த நிரூபணம் தவறில்லை. சாவி ரகசியமாக இருக்குமா, இரு தரப்பும் தாங்கள் சொல்லிக்கொள்பவர்கள்தானா என்று கேட்டிருந்தார்கள். மூன்றாவது மெசேஜ் மறுபடி வந்தால் அதே சாவியை மறுபடி நிறுவிவிடுவார்களா என்று கேட்கவில்லை. நிறுவினால் பாக்கெட் எண் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும், குறியாக்கம் பலவீனமாகிவிடும். ஆண்ட்ராய்டு 6.0இல் இன்னும் மோசம். நிறுவிய பின் சாவியை நினைவகத்திலிருந்து அழித்துவிடலாம் என்று தரநிலையில் ஒரு குறிப்பு, நல்ல எண்ணத்தில் எழுதியதுதான். அதன்படி அழித்திருந்த மென்பொருள், மெசேஜ் மறுபடி வந்ததும் எல்லாம் பூஜ்யமாக இருந்த சாவியை நிறுவிக்கொண்டது. ஆகவே மாடல் எழுதும்போது பாதி நேரத்தை 'எதைக் கேட்பது' என்பதற்கே ஒதுக்குங்கள்.

எப்போது எழுதுவது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். இணையத் தளங்களின் இணைப்பைக் காக்கும் டி.எல்.எஸ். 1.3 வரைவாக இருந்தபோதே ஆய்வாளர்கள் டாமரின் போன்ற ப்ரோட்டோகால் பாதுகாப்பைச் சரிபார்க்கும் கருவிகளில் போட்டு அலசியதால், ஓட்டைகள் 2018இல் ஆவணம் வெளிவரும் முன்பே அடைபட்டன. போனும் நெட்வொர்க்கும் ஒன்றையொன்று அடையாளம் காணும் 5ஜியின் ஏ.கே.ஏ. அங்கீகார முறையையும் 2018இல் டாமரினில் ஆராய்ந்தார்கள். பாதுகாப்பு இலக்குகள் சில அரைகுறையாக எழுதப்பட்டிருப்பதும், சில இலக்குகள் ஆவணத்தில் சொல்லாத அனுமானம் இருந்தால்தான் நிறைவேறும் என்பதும் வெளியே வந்தது. போன்கள் கடைக்கு வந்தபின் இதைக் கண்டுபிடித்திருந்தால் யார் திருத்துவது?

மென்பொருள் வடிவமைப்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள். பெல் லேப்ஸில் ஸ்பின்னை உருவாக்கிய ஜெரார்ட் ஹோல்ஸ்மன், பாத்ஸ்டார் என்ற தொலைபேசி இணைப்புக் கருவியின் அழைப்புக் கையாளும் சி நிரலிலிருந்தே மாடலைத் தானாக எடுக்கும்படி செய்தார். நிரல் மாற மாற, சோதனையும் திரும்ப ஓடும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் கையால் எழுதிய மாடல் கொஞ்ச நாளில் நிரலை விட்டு விலகிப்போய்விடும்.

நீங்கள் செய்யக்கூடியது: முழு ப்ரோட்டோகாலை எடுக்காதீர்கள், சோதிக்க வேண்டிய ஸ்டேட்கள் (நிலைகள்) பெருகி மெமரி போதாது. ஒரு டைமர், இரண்டு முனை, மெசேஜ் தொலையவும் தாமதிக்கவும் கூடிய ஒரு சேனல், ஒரே ஒரு கேள்வி. ஸ்பின்னும் டி.எல்.ஏ. பிளஸும் இலவசம்தான். பின்னாளில் கமிட்டிக்கு ஒரு திருத்தக் கோரிக்கை எழுதும் நிலைக்கு வந்தால், மாடலை அப்படியே இணைத்து அனுப்பாதீர்கள். கருவி காட்டிய தவறான வரிசையை, இடப்பக்கம் போன், வலப்பக்கம் நெட்வொர்க், நடுவே அம்புக்குறிகள் என்று ஒரு பக்கப் படமாகப் போடுங்கள். அங்கே இருப்பவர்கள் தினமும் படிப்பது அந்தப் படத்தைத்தான், பார்த்ததும் புரிந்துகொள்வார்கள்.